பழைய உலோகங்காட்டியை வாங்கலாமா?



மண்ணுக்குள் மறைந்திருக்கும் உலோகத்தை ஒலியெழுப்பிக் காட்டும் ‘மெட்டல் டிடெக்டர்’ என்ற கருவியைப் பற்றி இன்று பேசுவோம். கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் வாழும் நம் இளைஞர்களுக்கு, “பழைய கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கினால் தங்கம் தேடலாமே” என்ற ஆசை எழுவதில் வியப்பில்லை. ஆனால், சேமித்த வெள்ளியை எடுத்துக் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். தேடப்போகும் இடத்தில் தங்கம் உண்டா? இருந்தால் அதை இந்தக் கருவி காட்டுமா? தேடுவதற்கு நமக்கு உரிமை உண்டா?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1980-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிங்கோவர் என்ற ஊருக்கு அருகே, இத்தகைய கருவியைக் கொண்டு ஒருவர் 27 கிலோ எடையுள்ள தங்கக் கட்டியைக் கண்டெடுத்தார். இப்படிப்பட்ட செய்திகள்தாம் ஆசையைத் தூண்டுகின்றன. அந்த நாட்டில் தங்கம் கட்டி கட்டியாக மேல்மண்ணில் கிடப்பதுண்டு. எல்லா நாட்டிலும் அப்படியில்லை.

நம் நாட்டில் தங்கத்துக்குப் பெயர் பெற்ற பகுதி பகாங், கிளந்தான், திரெங்கானு மாநிலங்களின் வழியே செல்கிறது. கோலகுபுபாருவிலிருந்து மலைப்பாதையில் ஏறி, மறுபுறம் இறங்கினால் ரவூப் வரும். அங்கே 1889-இல் தொடங்கிய ஆஸ்திரேலிய நிறுவனம் பாறையைக் குடைந்து தங்கம் எடுத்தது. 1961-இல் சுரங்க வேலை நின்றது. நம் தமிழ் மக்கள் பெருந்திரளாக உழைத்த கோலார் தங்கவயலும் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அங்கே பாறையை மாவாக அரைத்து, சயனைடு நீரில் கரைத்துத்தான் தங்கத்தைப் பிரித்தார்கள். இத்தகைய தங்கத்தில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாத பொடி. அந்தப் பொடி மலைபோல் குவிந்திருந்தாலும் உலோகங்காட்டி வாய் திறக்காது.

நம் வட்டாரமோ வேறு. கடலோரம் களிமண்ணும் கரிமண்ணும்; உள்ளே ஈய மண். பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா பக்கம், ஈயக் கப்பல்கள் பல்லாண்டு காலம் நிலத்தைக் கிளறின. அங்கே கிடைத்த ஈய மணலைக்கூட இந்தக் கருவி நன்றாகக் காட்டாது. ஏனெனில் அது உலோகமாக இல்லாமல் தாதுவாக இருக்கிறது.

இரண்டாவது கேள்வி கருவியைப் பற்றியது. கருவியின் அடியிலுள்ள வட்டத் தட்டில் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது காந்த அலை எழுந்து மண்ணுக்குள் செல்கிறது. அங்கே உலோகம் இருந்தால் எதிர் அலை எழும். அதையே கருவி ஒலியாக்குகிறது. நாணயம் தேடும் கருவிகள் பெரும்பாலும் 5 முதல் 15 கிலோஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். சிறு தங்கத் துணுக்குக்கு அது போதாது. 18-க்கு மேல், சில கருவிகளில் 71 வரை வேண்டும். துடிப்பலைக் கருவி என்று இன்னொரு வகை உண்டு. இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணிலும் அது ஆழமாகத் தேடும். ஆனால் விலை மிக அதிகம். இரும்பையும் தங்கத்தையும் நன்றாகப் பிரித்துச் சொல்லாது. ஆணியும், கித்தா மரத்துக் கோப்பைக் கம்பியும் புதைந்து கிடக்கும் லயத்து மண்ணில் அதைக் கொண்டு நடந்தால் நாள் முழுதும் துருப்பிடித்த இரும்பைத்தான் தோண்டுவோம்.

பழைய கருவியை விற்க வருபவர் 50 காசு நாணயத்தைப் புதைத்துக் காட்டுவார். கருவி ‘கீ’ என்று கத்தும். அதைக் கண்டு மயங்கக் கூடாது. அம்மாவின் மோதிரத்தைக் கொண்டு சோதிப்பதும் தவறு. மோதிரம் முழு வளையமாக இருப்பதால் உரத்த ஒலி தரும். அதே எடையுள்ள தங்கத் துணுக்கு அப்படித் தராது. மீன்பிடித் தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டை எடுத்து, நெல்மணி அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஈயம் தங்கத்தைப் போலவே கருவிக்குத் தோன்றும். கைக்கடிகாரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, அந்தத் துண்டை இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்துச் சோதியுங்கள். ஒலி கேட்கவில்லையா? தங்கம் தேட அந்தக் கருவி உதவாது.

அடுத்து, வெறும் செம்மண்ணின் மேல் தட்டை மேலும் கீழும் அசையுங்கள். மண்ணுக்கேற்பச் சரிசெய்த பிறகும் கருவி ஓயாமல் கத்தினால் நம் மண்ணுக்கு அது ஆகாது. உப்பு ஏறிய கடலோர ஈரமண்ணிலும் இதே தொல்லை வரும். தட்டில் விரிசல் உண்டா, கம்பி இணையும் இடம் தளர்ந்திருக்கிறதா, பேட்டரி அறையில் பச்சைப் பூஞ்சை போன்ற துரு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டை விரலால் மெல்லத் தட்டினால் பொய் ஒலி எழக் கூடாது. பெயர் பெற்ற கருவிகளுக்குப் போலிகளும் உண்டு. தொடர் எண்ணைத் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சரிபார்ப்பது நல்லது. சில பழைய நிறுவனங்கள் மூடப்பட்டுவிட்டன. அமெரிக்காவின் ஒயிட்ஸ் நிறுவனம் 2020-இல் மூடப்பட்டது. அத்தகைய கருவி பழுதானால் உதிரிப்பாகம் கிடைப்பது அரிது.

இன்னொரு எச்சரிக்கை. ‘அரை மைலுக்கு அப்பால் இருக்கும் தங்கத்தையும் இந்தக் கோல் திரும்பிக் காட்டும்’ என்று விற்கும் கருவியை நம்பவே நம்பாதீர்கள். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருளைப் போன்ற ஒன்றை வெடிகுண்டு காட்டும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஒருவருக்கு, 2013-இல் பிரிட்டனில் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. ஒரு நாட்டின் அரசே ஏமாந்தது என்றால் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

மூன்றாவது கேள்வி உரிமை. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி நிலத்தடிக் கனிமம் மாநில அரசுக்குச் சொந்தம். தோட்ட நிலத்தில் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். 1784-இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றிய புக்கிட் மெலாவாத்திக் கோட்டைப் பக்கம் பழைய நாணயம் கிடைக்குமே என்று தோண்டப் போகாதீர்கள். பழம்பொருள்களைத் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 பாதுகாக்கிறது. தற்செயலாக ஏதேனும் கிடைத்தால் மாவட்ட அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். கனிமம் தேட உரிமம் பெறுவதைப் பற்றி முதலில் நில அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

ஆகவே நேயர்களே, புல்லில் விழுந்த மோதிரத்தையும், மண்ணில் புதைந்த இரும்புக் குழாயையும் தேடித் தர ஒரு சாதாரணக் கருவி போதும். தங்கம் தேடி வாழலாம் என்ற நம்பிக்கையில் நம் வட்டாரத்தில் அதை வாங்குவது வீண் செலவு. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்றார்கள் நம் முன்னோர். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கென்று வைத்திருக்கும் பணம் கையை விட்டுப் போவதற்கு முன், நெல்மணி அளவு ஈயத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்ச் சோதித்துப் பாருங்கள்.