மாட்டுத் தீனியும் ஊர்க்கடையும்

(பால்மாடு வளர்ப்போர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மாடு தின்பது மாந்தர் உணவின் மறுபாதி. நெல்லைக் குற்றினால் அரிசி உலைக்கு, தவிடு தொழுவத்துக்கு. எள்ளையும் கடலையையும் ஆட்டினால் எண்ணெய் அடுக்களைக்கு, பிண்ணாக்குத் தொட்டிக்கு. உளுந்தை உடைத்தால் பருப்பு பானைக்கு, பொட்டு மாட்டுக்கு. செக்கும் அரிசி ஆலையும் பருப்பு ஆலையும் கழித்த இவற்றையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி வைத்து விற்பதே சிற்றூர்ச் சந்திகளில் நிற்கும் தவிட்டுக்கடை. அது தனித்து நிற்பதன்று. பின்னால் ஒரு செக்கும் ஓர் ஆலையும் அவற்றில் உழைக்கும் நாலு குடும்பங்களும் நிற்கின்றன.

பால்மாடு வளர்ப்பின் செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போகின்றது. ஆதலின் அக்காசு எவர் பெட்டிக்குப் போகின்றது என்பது சிறு கேள்வியன்று. இன்று பெருங்குழுமங்களின் கிளைக்கடைகள் பளபளக்கும் மூட்டைகளை அடுக்கி, 'அறிவியல் தீனி' என்று விற்கின்றன. அவற்றைப் பழித்துவிடுதல் எளிது. நிறுத்துப் பார்த்தலே முறை.

செக்கில் ஆட்டிய பிண்ணாக்கில் எண்ணெய் ஓரளவு எஞ்சி நிற்கும். பேராலைகளில் கரைமம் ஊற்றி எண்ணெயை உறிஞ்சியபின் எஞ்சும் பிண்ணாக்கில் அஃது ஏறத்தாழ ஒரு விழுக்காடே இருக்கும். அதனால் அது கெட்ட தீனி ஆகிவிடாது. புரதம் அதில் சற்றுக் கூடுதலே. ஆயினும் எண்ணெய் தரும் வலு குன்றிவிடும். தவிட்டிற்கும் இதுவே நிலை. எண்ணெய் எடுக்காத பச்சைத் தவிடு, ஆலையிலிருந்து விழுந்த சில நாள்களிலேயே காறத் தொடங்கும். புழுங்கல் நெல்லின் தவிடு அதனினும் நெடுநாள் தாங்கும். எனவே ஆலைக்கு அண்மையிலுள்ள கடையில் நேற்று இறங்கிய தவிட்டை வாங்குவோன் பெறும் ஊதியம், எந்த விளம்பரத்தாலும் கிட்டாதது. கையை மூட்டைக்குள் விட்டு அள்ளி மோந்து பார்க்கலாம். தைத்து மூடிய மூட்டையில் அதற்கு வழியில்லை. மூட்டைமேல் உள்ள அளவுக் குறிப்போ பெரும்பாலும் ஆங்கிலத்தில்! எழுத்தை மாடு படிக்காது. உழவனும் படிக்க இயலாது எனில், அக்குறிப்பு எவருக்காக?

இனி, மறுபுறம். நம்மூர்க்கடை என்பதனாலேயே நற்கடை ஆகிவிடாது. தவிட்டில் உமித்தூளும் பிண்ணாக்கில் மண்ணும் கலந்தவர்களும் நம்மவரே. பிண்ணாக்கை நீரில் ஊறவிட்டுக் கலக்கி வடித்தால் அடியில் மணல் படியும், கண்டுகொள்ளலாம். கண்டுகொள்ள இயலாத நஞ்சும் ஒன்று உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஓரிலக்கத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் படர்ந்த பூசணமே ஏது என்று தெரிந்தது. அந்நஞ்சிற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். மாடு அதனைத் தின்றால், அது சற்றே வடிவு மாறிப் பாலிலும் இறங்குகின்றது. அப்பாலைக் குடிப்பது குழந்தை. ஒழுகும் கூரையின்கீழ் ஈரத்தரையில் மூட்டை அடுக்கும் கடைக்காரர், தமிழராயினும் அயலாராயினும், செய்யும் கேடு ஒன்றே. இந்தியத் தர அமைவகம் 2009-இல் கலப்புத் தீனிக்கு வகுத்த அளவில் ஈரம் 11 விழுக்காட்டை மிஞ்சலாகாது. புரதம் முதல் வகையில் 22, இரண்டாம் வகையில் 20 விழுக்காட்டிற்குக் குறையலாகாது. பெருங்குழுமம் இவ்வளவையேனும் மூட்டைமேல் ஒப்புக்கொள்கின்றது. ஊர்க்கடையின் தளர்ச்சாக்கு எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

கடன் என்பது மற்றொன்று. மாடு வற்றிய திங்கள்களில் கையில் காசின்றி நிற்பவனுக்குக் கணக்கேட்டில் எழுதிக்கொண்டு தவிடு தருவது ஊர்க்கடை, கிளைக்கடை தராது. இது பேருதவி. ஆனால் அவ்வேடே கயிறாகவும் ஆகின்றது. கடன்பட்டவன் வேறு கடைக்குப் போக இயலாது. சொன்ன விலை, கொடுத்த சரக்கு. உதவியும் கட்டும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டுள்ளன.

அதற்காகக் கிளைக்கடையே தஞ்சம் என்று ஓடுவோர், வடபுலத்தில் நடந்ததைக் கருதுக. அரியாலி கிசான் பசார் என்னும் பெயரில் 2002-இல் உழவர்க்கெனத் தொடங்கிய கடைவரிசை, ஏறத்தாழப் பத்தாண்டில் இழப்பு மிகுந்து மூடத் தொடங்கிற்று. பெருங்கடையின் கணக்கைப் பார்ப்பவர் தொலைநகரில் இருக்கின்றார். ஊதியம் இல்லையெனில் ஒரு தாளில் கையெழுத்திட்டுக் கதவடைப்பார். அதற்குள் பக்கத்துச் செக்கும் தவிட்டுக்கடையும் அடைபட்டிருப்பின், மாட்டின்முன் வெறுந்தொட்டியே மிஞ்சும்.

பால் கூட்டுறவுகள் பல ஊர்களில் தீனியும் விற்கின்றன, பால்பணத்தில் கழித்துக்கொள்கின்றன. கடன் உண்டு, கயிறு இல்லை. அவை உள்ள ஊரில் ஊர்க்கடையும் விலையை அடக்கியே சொல்லும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீனியை ஆய்ந்து சொல்லும் ஆய்வகம் உள்ளது. ஒருவனுக்குக் கட்டணம் சுமையாகலாம். பத்துப் பேர் கூடினால் ஆளுக்குச் சில உருவாக்களே. ஒரே மூட்டையின் மேற்புறத்திலிருந்து அள்ளலாகாது. சில மூட்டைகளில் மேலும் நடுவும் அடியுமாக எடுத்து, ஒன்றாய்க் கலந்து, அதில் அரைக் கிலோவை உலர்ந்த பையில் கட்டி, கடைப்பெயரும் வாங்கிய நாளும் எழுதி விடுக்க வேண்டும். ஊர்க்கடைச் சரக்கும் கிளைக்கடைச் சரக்கும் பக்கம் பக்கமாகப் போகட்டும். வரும் விடையைத் தமிழில் எழுதிப் பால் ஊற்றும் இடத்துச் சுவரில் ஒட்டுக.