பெட்டியில் இல்லாத மனிதர்



என் உள்ளங்கையில் நிற்கும் இந்தச் சிப்பாயைக் கேமரா கொஞ்சம் நெருங்கிக் காட்டட்டும். உயரம் இரண்டரை சென்டிமீட்டர். ஆறடி மனிதரை 72 மடங்கு சுருக்கினால் வரும் அளவு. "முப்பது வயது தாண்டியும் பொம்மைக்குச் சாயம் பூசுகிறாயா?" என்று என் அம்மா கேட்பார். இங்குள்ள பெற்றோர் பலரின் கேள்வியும் அதுதான்.

மேசைப் போர் விளையாட்டு சிறுபிள்ளைகளுக்காகப் பிறந்ததல்ல. 1824-இல் பிரஷ்யப் படை அதிகாரிகள் வரைபடத்தின் மேல் இதைப் பயிற்சியாக ஆடினார்கள். 1913-இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டில் ஆட விதிகள் எழுதிப் புத்தகமாக வெளியிட்டார்.

என்னைப் பிடித்துக்கொண்டது சாயம் பூசும் வேலை. முதலில் அடிப்பூச்சு, இல்லாவிட்டால் சாயம் உரிந்துவிடும். பிறகு நீர்த்த சாயம் இரண்டு மூன்று தடவை. அதன்மேல் கரும்பழுப்பை நீராகக் கரைத்து விட்டால், சட்டை மடிப்புகளில் தேங்கி நிழலாகும். கடைசியில் தூரிகையைத் துடைத்து, காய்ந்த நுனியால் மேடுகளைத் தடவினால் வெளிச்சம் தெரியும்.

சரி, என்ன நிறம் பூசுவது? இந்தக் கேள்விதான் என்னை வரலாற்றுக்குள் இழுத்தது. ஜித்ரா போரை மேசையில் அமைக்க நினைத்தேன். 1941 டிசம்பர் 11 முதல் 13 வரை நம் கெடாவில் நடந்த போர் அது. தற்காத்து நின்றது 11-வது இந்திய டிவிஷன். பஞ்சாப் படையின் சீக்கியருக்குத் தலைப்பாகை வேண்டும். கொட்டும் மழையில் நடந்த போர், எனவே காலணியெல்லாம் சேறு. ஜப்பானியரிடம் டாங்கிகள் இருந்தன. தற்காத்தவர்களிடம் ஒன்றுகூட இல்லை. பாடப்புத்தகத்தில் படித்து மறந்ததை, அந்த டாங்கியை மேசையில் வைத்தபோது உணர்ந்தேன்.

எல்லாம் முடிந்தபின் ஒரு குறை தெரிந்தது. நான் வாங்கிய எந்தப் பெட்டியிலும் நம் தோட்டத் தொழிலாளி இல்லை. அந்தப் போருக்குப் பின் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் பாதை அது. என் பாட்டியின் அப்பாவும் பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர். திரும்பி வரவில்லை. வீட்டில் அவர் படம்கூட இல்லை.

ஒரு சிப்பாயின் துப்பாக்கியை அறுத்தெடுத்து, கையில் மண்வெட்டி கொடுத்தேன். மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் வெள்ளைத் துண்டு. பாட்டியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "துண்டு சிவப்புய்யா" என்றார். அதுவரை அவர் சொல்லாத செய்தி. அன்றிரவே மாற்றித் தீட்டினேன்.

பெற்றோரே, பிள்ளை தூரிகை எடுத்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளைகளே, நிறம் தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.