முடிச்சுகள் சொன்ன சாட்சி



168 பேர் ஒரு பேரரசை வீழ்த்தினர் என்று வரலாற்று நூல்களில் படிக்கிறோம். தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைத்தொடர் நெடுகப் பரந்து கிடந்த இங்கா நாட்டை, ஸ்பெயின் நாட்டுப் பிசாரோவின் சிறுபடை வென்ற கதை அது. வென்றவர் எழுதிய அக்கதையை அப்படியே ஏற்குமுன், அம்மண்ணின் மக்கள் வைத்திருந்த கணக்கையும் நாம் கேட்டல் வேண்டும். அக்கணக்கு ஏட்டில் இல்லை, கயிற்றில் இருந்தது.

இங்கா மக்கள் எழுத்து அறியாதவர்கள். ஆயினும் கணக்கு அறியாதவர்கள் அல்லர். ஒரு தலைக்கயிற்றில் பல வண்ணச் சரடுகளைத் தொங்கவிட்டு, அவற்றில் முடிச்சிட்டு எண்களைக் குறித்தனர். முடிச்சு விழும் இடத்தைக் கொண்டு ஒன்று, பத்து, நூறு என்று கணக்கர் படிப்பர். இதற்குக் கிப்பு என்பது பெயர். களஞ்சியத்தில் எத்தனை மூட்டை, ஊரில் எத்தனை குடி என்பதெல்லாம் கிப்புவில் அடங்கும்.

பிசாரோ வந்த காலம் நாடு நலிந்திருந்த காலம். பேரரசர் ஹுவாய்னா காப்பாக் நோயால் மாண்டார். ஐரோப்பியரால் பரவிய பெரியம்மையே அந்நோய் எனப் பலர் கருதுவர். அவர் மக்கள் ஹுவாஸ்காரும் அத்தாவால்பாவும் அரியணைக்காகப் போரிட்டனர். அத்தாவால்பா வென்ற வேளையில், 1532 நவம்பர் 16 அன்று, காஹமார்கா நகரச் சதுக்கத்தில் பிசாரோ அவரை வஞ்சகமாகச் சிறைப்பிடித்தார். ஓர் அறை நிறையப் பொன்னும், அதுபோல் இருமடங்கு வெள்ளியும் தருவதாக மன்னர் வாக்களித்தார். ஏறத்தாழ 6,000 கிலோ பொன் வந்து சேர்ந்தது. பொன்னைப் பெற்றவர்கள் 1533 ஜூலையில் மன்னரைக் கழுத்தை இறுக்கிக் கொன்றனர்.

இதுவரை நாம் அறிந்ததே. ஆனால் காஹமார்காவிலிருந்து தலைநகர் கூஸ்கோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அம்மலைவழியில் அயலாருக்குச் சோறு இட்டவர் யார்? சுமை தூக்கியவர் யார்? வழி காட்டியவர் யார்?

விடை ஹௌஹா பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கு வாழ்ந்தவர் ஹுவாங்கா மக்கள். இங்கா அரசு அவர்களை முன்னொரு தலைமுறையில் போரிட்டு அடக்கியிருந்தது. உடன்பிறந்தார் போரில் அத்தாவால்பாவின் படையினரால் அவர்கள் பெருந்துன்பமும் உற்றனர். ஆகவே, புதிதாய் வந்தவரை விடுதலை தருவோர் என்று நம்பி நட்புப் பூண்டனர். தானியமும், லாமா என்னும் சுமை விலங்கும், துணியும், விறகும், ஆட்களும் ஆண்டு பலவாகத் தந்தனர்.

தந்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் முடிச்சிட்டு வைத்தனர்! ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றபின், 1561இல், ஹுவாங்கா தலைவர்கள் லீமா நகர நீதிமன்றத்தில் தம் கணக்கை முன்வைத்தனர். கிப்புவைக் கையிலேந்திக் கணக்கர் படிக்க, ஸ்பானிய எழுத்தர் அதனை ஏட்டில் எழுதினார். அக்கணக்கில் ஒரு நுட்பம் கண்டு வியக்கிறோம். விரும்பித் தந்தவை வேறாகவும், கொள்ளையிட்டுச் சென்றவை வேறாகவும் பிரித்துக் காட்டப்பட்டிருந்தன. நண்பர் என்று நம்பியவர் நடுவே நின்றும், கொடை எது, களவு எது என்று அம்மக்கள் மறவாது குறித்திருந்தனர்.

பயன் என்ன? தலைவர் சிலருக்குச் சின்னமும் சிறப்பும் கிடைத்தன. குடிமக்களுக்கோ, ஹுவாங்கவெலிக்கா பாதரசச் சுரங்கத்தின் கட்டாய வேலை கிடைத்தது. பாதரசப் புகையும் தூசும் பலரை மாய்த்தன. தம்மை ஒடுக்கிய அரசு வீழ்ந்தது, ஒடுக்குமுறை வீழவில்லை. இங்கா அரசமரபின் கடைசி மன்னர் தூப்பாக் அமாரு 1572இல் கூஸ்கோ சதுக்கத்தில் தலை வெட்டப்பட்டபோது, நட்புச் செய்தவரும் பகை செய்தவரும் ஒரே நுகத்தின்கீழ் நின்றனர்.

அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. வரப்போவதை அவர்கள் அறியார். பட்ட துயரையே அறிவர். குடிகளைத் துன்புறுத்தும் அரசு, தன் பகைவனுக்குத் தானே படை திரட்டிக் கொடுக்கிறது என்பதே இங்கு நாம் காணும் உண்மை. 168 பேர் மட்டும் அந்நாட்டை வென்றாரல்லர்.

பழஞ்சமயத்தைச் சார்ந்தவை எனக் கருதி, கிப்புகளை எரிக்குமாறு 1583இல் லீமா திருச்சபை மன்றம் ஆணையிட்டது. எஞ்சிய ஆயிரத்துக்கு மேற்பட்டவை இன்று காட்சியகங்களில் தொங்குகின்றன. அவற்றின் எண்களைப் படிக்கும் முறையை லேலண்ட் லாக் என்னும் அறிஞர் 1912இல் விளக்கினார். எண் அல்லாத முடிச்சுகளின் பொருள் இன்னும் முழுதும் விளங்கவில்லை. படிக்கத் தெரிந்தவர் மறைந்தபின், கயிறு இருந்தும் சொல் இல்லை.

இளந்தோழர்களே! வெற்றியின் கதையைப் படிக்கும்போதெல்லாம், சோறு இட்டவர் யார், சுமை தூக்கியவர் யார் என்று கேளுங்கள். அவர்கள் வைத்த கணக்கு எங்கேனும் ஒரு முடிச்சில் இருக்கும். அதனைத் தேடிப் படிப்பதே வரலாறு கற்பதன் பயன்.