பள்ளி எரிந்தும் பிழைத்த எழுத்து

அரசாணையும் பாடநூலும் இல்லாவிட்டால் ஒரு மொழியின் எழுத்து அழிந்துபோகும் என்று மேடைதோறும் பேசுகிறோம். லைபீரியாவின் கேப் மவுண்ட் பகுதியிலும் அதையொட்டிய சியரா லியோனிலும் வாழும் வை மக்களின் கதை வேறு. 1830களில் மொமொலு துவாலு புக்கெலே என்பவர் தோழர்கள் சிலரோடு சேர்ந்து வை மொழிக்கு எழுத்து அமைத்தார். அதைக் கற்பிக்க ஜோண்டு என்ற ஊரில் பள்ளியும் எழுந்தது. விரைவிலேயே போரில் ஊர் எரிந்தது, பள்ளியும் போயிற்று. எழுத்து போகவில்லை. 1970களில் சில்வியா ஸ்க்ரிப்னர், மைக்கேல் கோல் என்னும் உளவியலாளர்கள் அங்கே ஆராய்ந்தார்கள். பள்ளியில் ஆங்கிலம், குர்ஆன் வகுப்பில் அரபு, வை எழுத்தோ உறவினரிடமும் நண்பரிடமும் கற்பது. ஆனாலும் ஆங்கிலம் படித்த ஆண்களைவிட வை எழுத்து அறிந்த ஆண்களே அப்போது அதிகம். (பெண்களுக்கு அது அவ்வளவாக எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.) தேர்வு இல்லை, உத்தியோகமும் இல்லை, கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் அது உதவியது. அந்த உதவிதான் அதைக் காத்தது என்பது என் வாதம்.

அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களின் எழுத்தைப் பார்த்துச் செய்ததுதானே என்பார்கள். செரோக்கி வழிவந்த ஆஸ்டின் கர்டிஸ் லைபீரியக் கரையில் குடியேறியிருந்தார். எண்ணம் அங்கிருந்து வந்திருக்கலாம். வரட்டுமே! எண்ணத்தைக் கடன் வாங்கலாம். தலைமுறை தலைமுறையாக எழுதும் பழக்கத்தை யாரிடம் கடன் வாங்குவது? இருநூறுக்கு மேற்பட்ட குறிகளை யார் கற்பார் என்ற கேள்வி இன்னும் கனமானது. நம் உயிர்மெய்யைப் போல ஒவ்வொரு குறியும் ஓர் அசை. ஆனால் க, கி, கு என்ற உறவு வடிவத்தில் தெரியாது, தனித்தனியாகவே மனத்தில் இருத்த வேண்டும். பழைய கடிதங்களில் சொல்லிடைவெளி கிடையாது, தொனியை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியும் கிடையாது. படிப்பவர் அசைகளை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். சொல் பிடிபட்டதும் மேலே போகிறார். சிரமந்தான். ஆனால், தான் பேசும் மொழி என்பதால் அந்தச் சிரமம் தாங்கக்கூடியதாயிற்று. ரோமன் எழுத்து எளிதென்றாலும் அதனோடு ஆங்கிலத்தையும் சேர்த்தல்லவா கற்க வேண்டியிருந்தது!

அப்படியானால் இனி அந்த எழுத்தைப் பள்ளியில் பாடமாக வைத்துவிடலாமே என்றால், வைக்கலாம், தவறில்லை. 1962இல் லைபீரியப் பல்கலைக்கழகம் குறிகளை ஒழுங்குபடுத்தியது, 2008இல் யூனிகோடிலும் இடம் கிடைத்தது. ஆனால் மதிப்பெண்ணுக்காகக் கற்ற எழுத்தைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடலாம். கடன் கணக்கு எழுதும் எழுத்தை மறக்க முடியுமா? இன்று கடிதமும் கணக்கும் கைப்பேசிக்குப் போய்விட்டன. ஆகவே பாடநூலுக்கு முன்பாக, மலிவான கைப்பேசியிலும் ஓடும் வை விசைப்பலகைக்குத்தான் நான் பணம் கேட்பேன்.