வீட்டு வேலைக்கும் கணக்கு உண்டு



எங்கள் குழு உறுப்பினர் ஒருத்தர் மார்த்தாண்டம் ரோட்டில் கார் மோதி இறந்துபோனார். வயசு 38. இன்சூரன்ஸ் தரப்பில் "என்ன வேலை பாத்தாங்க?" என்று கேட்டார்கள். "வேலைக்கு ஒண்ணும் போகல்ல, வீட்டுலதான்" என்றார் வீட்டுக்காரர். விடியக்காலம் பசு கறந்து, மாமியாரைக் குளிப்பாட்டி, ரெண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினவள் அவள். இதெல்லாம் வேலை இல்லையா?

வேலைதான் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. 2001-லேயே வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு மாசம் 3,000 ரூபாய் மதிப்புப் போட்டார்கள். 2021 ஜனவரியில், கணவனும் மனைவியும் சேர்ந்து இறந்த ஒரு டெல்லி விபத்து வழக்கில், வீட்டு வேலை குடும்பத்துக்கும் நாட்டுக்கும் பொருளாதாரப் பங்களிப்பு என்றார்கள். 22 லட்சமாக இருந்த தொகையை 33 லட்சத்துக்கு மேலே உயர்த்தினார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம் செலவழிக்கிறார்கள் என்ற அரசாங்கக் கணக்கையும் நீதிபதி ரமணா அதில் எடுத்துச் சொன்னார். அந்த 97 நிமிஷம் எந்த ஊர் ஆம்பளைங்களோ, எனக்குத் தெரியாது!

இனி கணக்கு. மாச வருமானம் 10,000 என்று கோர்ட்டு எடுத்தால் வருஷத்துக்கு 1,20,000. நாற்பது வயசுக்குள்ளே என்பதால் எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் 1,68,000. அவரை நம்பி நாலு பேர் இருந்தால், அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழியும், மிச்சம் 1,26,000. 36 முதல் 40 வயசுக்குப் பெருக்குத்தொகை 15. ஆக 18,90,000. இதுவே மாசம் 6,000 என்று எடுத்தால் 11,34,000தான். மாசக் கணக்கில் 4,000 குறைஞ்சதுக்கு ஏழரை லட்சம் போயிடுது பாருங்க.

அதனாலதான் நம்ம நோட்டுகளைப் பத்திரமா வையுங்கள் என்கிறேன். பால் சொசைட்டி அட்டை, நூறு நாள் வேலை அட்டை, குழுக் கடன் வாங்கி ஆடு வளர்த்த கணக்கு, அண்டி ஆபீஸ் கூலிச் சீட்டு எல்லாத்தையும் கோர்ட்டில் காட்டலாம். அடிபட்டுப் பிழைச்சவங்க ஆஸ்பத்திரி பில், டிஸ்சார்ஜ் சீட்டு, ஆட்டோக் கூலி வரைக்கும் எடுத்து வைக்கணும்.

கம்பெனி ஒரு தொகை சொன்னால் உடனே ஒத்துக்கணும்னு கட்டாயம் கிடையாது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீங்க. 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ளே மனு போடணும் என்று சட்டத்தில் இருக்கு. பதினாறாம் நாள் சடங்கு முடியட்டும், வருஷத் திதி முடியட்டும் என்று இருந்திராதீங்க. களியக்காவிளை தாண்டிக் கேரளத்தில் விபத்து நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற நம்ம மாவட்டத்திலேயே கேஸ் போடலாம்.

வக்கீல் பீசுக்குப் பயப்படவும் வேண்டாம். 1987 சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம். நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100-க்குப் போனும் போடலாம். தனியாகப் போக ஒரு மாதிரி இருந்தால் உங்கள் குழு ஊக்குநரைக் கூட்டிக்கிட்டுப் போங்க.