கொச்சி யூதத் தெருவில் நாங்கள் கண்டது
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று யூபிலி கொண்டாடுகிறோம். இந்தச் சொல்லை நமக்குத் தந்தவர்கள் யூதர்கள். எபிரேய மொழியில் ‘யோபேல்’ என்றால் ஆட்டுக்கடாவின் கொம்பு. ஐம்பதாம் ஆண்டில் கொம்பு ஊதி, அடிமையை விடுவித்து, கைமாறிப்போன நிலத்தை உரியவனுக்கே திருப்பித் தரவேண்டும் என்கிறது லேவியராகமம் 25-ஆம் அதிகாரம்.

வல்லார்பாடம் அன்னையைத் தரிசிக்கக் கொச்சி சென்ற நம் பங்குக் குழுவினர், மறுநாள் மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போனோம். இருபுறமும் நெருங்கி நிற்கும் பழைய வீடுகள். தெருக்கோடியில் பரதேசி செபக்கூடம். அது 1568-ல் கட்டப்பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தோம். தரையெல்லாம் சீனத்திலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகள். மேலே கண்ணாடி விளக்குகள்.

பரதேசி என்றால் இங்கே பிறதேசத்தார் என்று பொருள். 1492-ல் ஸ்பெயின் அரசரும் அரசியும், மதம் மாறாத யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமென்று ஆணையிட்டார்கள். ஆணையிட்டவர்கள் நம்மைப் போன்ற கத்தோலிக்கர்கள். அப்படித் துரத்தப்பட்ட மக்களில் சிலரது வழிவந்தோர் கடல் கடந்து கொச்சி வந்தனர். இந்து மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே அவர்களுக்கு இடம் கொடுத்தார்.

ஆனால் அங்கும் 1662-ல் போர்ச்சுக்கீசியர் அந்தச் செபக்கூடத்துக்குத் தீ வைத்தனர். யூதர்கள் டச்சுக்காரர் பக்கம் சாய்ந்தார்கள் என்ற கோபம். மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்த பிறகே அதைப் புதுப்பிக்க முடிந்தது. இவ்விரு சாராரும் பழவேற்காட்டுக்குப் புதியவர்கள் அல்லர். 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு அவர்கள் கல்லறை இன்றும் நிற்கிறது. அவர்களுக்கு முன்பே வந்து நம் முன்னோருக்கு வேதத்தைக் கொடுத்தவர்கள் போர்ச்சுக்கீசியர். வேதம் கொடுத்த நாட்டாரே அங்கே தீயும் வைத்தார்கள் என்று கேட்கக் கசக்கிறது. யூபிலி நாளில் அதை மறைப்பது முறையல்ல.

1948-ல் இஸ்ரேல் நாடு பிறந்தபின், கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் தாமாகவே அங்கே குடியேறினர். பொதுச் செபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அந்தப் பத்துப் பேர் இன்று அத்தெருவில் இல்லை. கடைகளும் கூட்டமும் இருக்கின்றன, செபிக்கத்தான் ஆளில்லை.

வெளியே வந்ததும் எங்களில் வயதான அம்மா ஒருவர், “பெரிய வெள்ளியன்று யூதர்களைச் சபிக்கத்தான் என் பாட்டி சொல்லிக் கொடுத்தாள்” என்று கண் கலங்கினார். நாங்கள் யாரும் பேசவில்லை. ஞானோபதேச வகுப்பில் நாமும் அப்படிச் சொன்னதுண்டு. ஆண்டவரின் பாடுகளுக்கு அன்றைய யூதர் எல்லார்மீதும், இன்றைய யூதர்மீதும் பழி சுமத்தலாகாது என்று 1965-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறிவிட்டது. 2000-ஆம் யூபிலி ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் எருசலேம் சென்று, மேற்குச் சுவரில் மன்னிப்புச் செபத்தை எழுதி வைத்தார்.

அன்பர்களே, ஏரியில் பாடு முறை வைத்து இறங்கும் நமக்கு, அடுத்தவனுக்கு இடம் விடுவது இன்னதென்று தெரியும். வரும் பெரிய வெள்ளியன்று பாடுகளின் வரலாற்றை வாசிக்குமுன், இயேசுவும் மரியன்னையும் யூதர்களே என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். நம் யூபிலியின் கொம்பு அங்கிருந்து ஒலிக்கட்டும்.