லங்கொத்லெனில் நாங்கள் ஆறு பேர்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் ஆடியவர்களைப் பற்றிப் பேச எங்கள் பாடசாலையில் எப்போதும் ஆட்கள் உண்டு. நாங்கள் ஆடப் போகவில்லை. ஆட வந்தவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் தூக்கவும், உடை மாற்றும் அறையைக் காட்டவும், நேரத்துக்கு மேடைக்குக் கூட்டிச் செல்லவும் போனோம். லண்டன் கிளையிலிருந்து நால்வர், ரொறன்ரோவிலிருந்து ஒருவர், ஊரிலிருந்து ஒருவர். எல்லோரும் சொந்தச் செலவில்தான்.

போன இடம் வேல்ஸின் வடகிழக்கே, டீ ஆற்றங்கரையிலுள்ள லங்கொத்லென் என்ற சிறு பட்டினம். தமிழில் ல, ள, ழ என்று மூன்று வைத்திருக்கிறோம். அந்த ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்ல மூன்றும் உதவவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில், 1947இல், பாட்டாலும் ஆட்டத்தாலும் நாடுகளை மீண்டும் நெருங்கச் செய்யலாம் என்று நம்பி அங்கே தொடங்கிய சர்வதேச விழா, யூலை மாதங்களில் நடந்து வருகிறது. 1955இல் பவரொட்டி தமது 19ஆவது வயதில் தந்தையோடு மொடெனா நகரப் பாடகர் குழுவில் வந்து முதற்பரிசு பெற்றதும் அங்கேதான். விழாவின் பெயர் ஐஸ்தெத்வொட். உட்காருதல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்ததாம். நாங்களோ நாள் முழுவதும் உட்காரவேயில்லை.

அங்குள்ளவர்கள் விருப்பத்தோடு சொல்லும் கதை 1949ஆம் ஆண்டினது. ஜேர்மனியின் லூபெக் நகரத்திலிருந்து ஒரு பாடகர் குழு வந்தது. போர் முடிந்து நான்கே ஆண்டுகள். என்ன நடக்குமோ என்று இரு பக்கமும் பயம். அறிவிப்பாளர் அவர்களை நண்பர்கள் என்று சொல்லி மேடைக்கு அழைத்தார். கூட்டம் கைதட்டி வரவேற்றது. இதைக் கேட்டபோது நாங்களும் தலையாட்டினோம். தலையாட்டுவது சுலபம்.

மறுநாள் எங்கள் பொறுப்பில் விடப்பட்டது தென்னிலங்கையிலிருந்து வந்த கண்டிய நடனக் குழு. உங்கள் நாட்டவர்கள்தானே, சந்தோஷப்படுவீர்கள் என்றார் பொறுப்பாளர் அம்மையார். அவரில் பிழை சொல்ல முடியாது. எங்கள் ஆறு பேரில் ஒரு அக்காவின் தம்பி, போரின் கடைசி மாதங்களில் காணாமற் போனவர். (இதை இங்கே சொல்ல அவரிடம் அனுமதி கேட்டோம். "பேரைச் சொல்லாதேங்கோ" என்றார்.) அவர் ஒன்றும் பேசாமல் தேநீர் மேசைக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். நாங்கள் கூப்பிடவில்லை. வந்திருந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அப்படியிருந்தும் எங்களுக்கும் சிரித்த முகம் உடனே வந்துவிடவில்லை என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

அன்று விடிந்ததிலிருந்து மழை. மேளத்தின் தோல் ஈரத்தில் தளர்ந்துவிட்டது. மேடையேற அரை மணி நேரம்தான் இருந்தது. மேளம் அடிக்கும் பையன் தட்டித் தட்டிப் பார்த்து அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அவனுக்கு ஆங்கிலம் ஓடவில்லை. எங்களில் ஐவருக்குச் சிங்களம் தெரியாது. நாங்கள் ஹீற்றர் தேடி ஓடினோம், கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது அக்கா அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். கையில் யாரோ ஒரு நடனப் பிள்ளையின் ஹெயார் ட்ரையர். அவருடைய அப்பா மிருதங்கம் வாசித்தவர். ஈரத் தோலின் சத்தம் அவருக்குத் தேநீர் மேசை வரைக்கும் கேட்டிருக்கிறது. கொழும்பில் வேலை செய்த காலத்துச் சிங்களத்தில், கிட்டப் பிடித்தால் தோல் வெடித்துவிடும் என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். பையன் மேளத்தை மெல்லச் சுழற்ற, அவர் சூடு காட்டினார். இடையிடையே தட்டச் சொன்னார். ஐந்தாறு தரம் தலையை ஆட்டி, கடைசியில்தான் சரி என்றார்.

அவர்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. நன்றாகத்தான் ஆடினார்கள், அன்று அவர்களிலும் நன்றாக ஆடியவர்கள் இருந்தார்கள். இறங்கி வந்த பையன் அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவர் அவனுடைய தோளைத் தட்டிவிட்டு மீண்டும் கோப்பை கழுவப் போனார்.

திரும்பும்போது றுவாபொன் ரயில் நிலையம் வரைக்கும் பஸ்ஸில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இறங்கப் போகிற நேரம் அக்காதான் சொன்னார்: "அவனுக்கு வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு கேக்க மறந்துபோனன்."

அடுத்த முறை எங்களோடு வர விரும்பும் தங்கைமார் கூட்டம் முடிந்ததும் எங்களைச் சந்தியுங்கள். நடன அறிவு தேவையில்லை. மழையங்கியும் நல்ல சப்பாத்தும் கட்டாயம் வேண்டும்.